குடிபோதை வழக்கும் திவால் மனுவும்: பெங்களூரு ஓட்டுநரைச் சட்டம் எங்கே காக்கிறது, எங்கே கைவிடுகிறது?

பெங்களூரில் இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆல்கோமீட்டர் புதிதல்ல. எம்.ஜி. ரோடு, இந்திராநகர், கோரமங்களா போன்ற மதுக்கூடங்கள் நிறைந்த பகுதிகளிலிருந்து வெளியேறும் சாலைகளில் போக்குவரத்து போலீசார் தடுப்பு வைத்து நிறுத்துவார்கள், ஊதச் சொல்வார்கள். அளவு மீறியிருந்தால் ‘டி.டி. கேஸ்’. வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்; ஓட்டியவர் சில நாள் கழித்து நீதிமன்றத்துக்குப் போவார். தப்பை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டி, ரசீதைக் காட்டி வண்டியை எடுத்து வந்தால் விஷயம் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

கடனில் சிக்கியவரின் கணக்கு வேறு. ஆட்டோவுக்கு வாங்கிய ஃபைனான்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கிய கைமாற்று, சுய உதவிக் குழுக் கடன் எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது, ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம்’, ‘ஐ.பி. போட்டுவிடலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். திவால் மனு போட்டால் எல்லாக் கடனும் போய்விடும் என்பது நம் மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை.

குடிபோதை வழக்கு குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்தது. திவால் மனு உரிமையியல் சட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்தின் வாசலில் வந்து சேரும் சந்தர்ப்பங்கள் உண்டு. போதையில் ஓட்டிய வண்டி ஒரு உயிரைப் பறித்தால் வரும் இழப்பீட்டுச் சுமை, ஒரு சாதாரண ஓட்டுநர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் தீராதது. அந்தக் கடனைத் திவால் சட்டம் துடைத்தெறியாது. துடைக்கக் கூடாது என்பதே உலகின் பல நாட்டுச் சட்டங்களின் முடிவு. ஆகவே ஓட்டுநருக்கு உண்மையான சட்டப் பாதுகாப்பு தேவைப்படும் இடம் கடைசியில் போடும் திவால் மனு அல்ல; முதலில் நடக்கும் சோதனையும் முதல் நீதிமன்ற நாளும்தான். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊதிய பிறகு நடப்பது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால் குற்றம் என்கிறது. இது கண்டிப்பான அளவு. இங்கிலாந்தில் இது 80 மில்லிகிராம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் அதே 80. 2019இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைப்படி, முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் இந்த அபராதங்கள் 2,000, 3,000 ரூபாய் வரை மட்டுமே இருந்தன.

சிக்னல் மீறியதற்கோ ஹெல்மெட் போடாததற்கோ கட்டுவதுபோல் இந்த அபராதத்தைச் சாலையிலேயே கட்டிவிட முடியாது. சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களைச் சட்டத்தின் 200ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. அதில் 185 இல்லை. மாஜிஸ்திரேட் முன் நின்றுதான் ஆக வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி லைசென்ஸில் விழுகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, போதையில் ஓட்டியவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் இடைநிறுத்த வேண்டும் என்று 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2019 திருத்தம், போலீஸ் அதிகாரியே லைசென்ஸைக் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவும் வழி செய்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு 3 மாதம் வண்டி ஓட்ட முடியாதது ஓர் இடைஞ்சல். அவர் மெட்ரோவில் போவார், வாடகைக் காரில் போவார். அதே காரை ஓட்டிப் பிழைப்பவருக்கு அது மூன்று மாத வருமானம். தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். மூன்று தவணை தவறினால் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் அனுப்பும். விபத்தே இல்லாத சாதாரண டி.டி. கேஸ்கூட ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் வழி இதுதான்.

எதிர்வாதம் எதற்கு?

‘குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு எதற்கு வக்கீல்?’ என்ற கேள்வியை நியாயமானவர்களே கேட்கிறார்கள். சாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கேட்டால் அந்தக் கோபத்தின் முன் வாயடைத்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் குற்றம் எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு உறுதியாக அது நிரூபிக்கப்பட வேண்டும். குற்றவாளியைத் தப்பவிடுவது எதிர்வாதத்தின் வேலை அல்ல. சட்டம் கேட்கும் சோதனை சட்டம் சொல்லும் முறையில் நடந்ததா என்று பார்ப்பதே அதன் வேலை.

சட்டம் சொல்லும் முறை தெளிவானது. 202ஆவது பிரிவின்படி, போதையில் ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். 203ஆவது பிரிவு மூச்சுச் சோதனையையும் 204ஆவது பிரிவு இரத்தப் பரிசோதனையையும் வரையறுக்கின்றன. ஊத மறுப்பதும் ஆபத்து: தகுந்த காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205ஆவது பிரிவு.

வாயில் மது வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் குடித்ததற்கு முடிவான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் பச்சுபாய் ஹசன்அலி கர்யானி வழக்கில் சொன்னது. அளவு தெரிய வேண்டும் என்றால் கருவி வேண்டும்; கருவிக்கும் வரம்புகள் உண்டு. அது இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. மூச்சிலுள்ள ஆல்கஹாலை அளந்து, அதை ஒரு சராசரி விகிதத்தால் பெருக்கி இரத்த அளவாகக் காட்டுகிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. கடைசி மடக்கைக் குடித்த சில நிமிடங்களுக்குள் ஊதினால் வாயில் தங்கியிருக்கும் மதுவே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அதனால்தான் சுமார் 15 நிமிடம் காத்திருந்து ஊதவைப்பது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அச்சிட்ட சீட்டில் நேரமும் கருவி எண்ணும் உள்ளனவா, 32 அல்லது 35 என்று எல்லையை ஒட்டி வந்த அளவை இரத்தப் பரிசோதனை உறுதி செய்ததா ஆகிய கேள்விகளை ஒரு வழக்கறிஞர் கேட்பார். வேலைக்குப் போகும் அவசரத்தில் தனியாக வந்து நிற்கும் ஓட்டுநர் கேட்க மாட்டார்.

வண்டியைப் பறிமுதல் செய்வதும் கேள்விக்குரியதே. போதையில் ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்துவைக்க முடியாது, உடன் வந்த போதையில் இல்லாத ஒருவரிடமோ உறவினரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. அந்த உத்தரவு கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கர்நாடக நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லத் தக்கது.

மொழி பெங்களூரில் இன்னொரு சுவர். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து இங்கே ஆட்டோவும் காரும் ஓட்டும் தமிழர்கள் கன்னடம் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் போலீஸ் ஆவணத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்த உரிமை கேட்பவருக்கே கிடைக்கிறது.

தப்பை ஒப்புக்கொள்வது தவறென்று நான் சொல்லவில்லை. உண்மையில் குடித்திருந்தால் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது அபராதச் சீட்டு அல்ல, குற்றத் தீர்ப்பு என்று தெரிந்து சொல்ல வேண்டும். அடுத்த முறை பிடிபட்டால் ‘இரண்டாவது குற்றம்’ ஆவது இந்தத் தீர்ப்பால்தான். விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடி எடுப்பதும் இதைத்தான்.

ஓர் உயிரின் விலையைச் சட்டம் கணக்கிடும் விதம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயது சுயதொழில்காரர் ஒருவர் விபத்தில் இறக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் ஸ்மால் காசஸ் நீதிமன்றமே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறது. குடும்பம் அங்கே மனு போடும்.

உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழில்காரரின் வருமானத்தோடு எதிர்கால முன்னேற்றத்துக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: 28,000 ரூபாய். சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால், இறந்தவரின் சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிக்க வேண்டும்: 21,000. ஆண்டுக்கு 2,52,000. 26 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கான பெருக்கு எண் 17. மொத்தம் 42,84,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை ஆகியவை இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. 6 சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 2,57,040 ரூபாய், அதாவது மாதம் 21,420. இறந்தவரின் மாத வருமானத்தைவிட வட்டி மட்டுமே அதிகம்.

இந்தத் தொகை மிகையானதல்ல. நாலு பேருக்குச் சோறு போட்ட ஒருவரின் மீதி வாழ்நாள் உழைப்பு அது. கேள்வி, யார் கொடுப்பது என்பதுதான்.

குற்ற வழக்கும் தனியாக நடக்கும். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 ஆண்டு. போதையோடு வேகமும் சேர்ந்து பலர் இறந்தால் வழக்கு அதையும் தாண்டும். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

காப்பீடு விலகும் இடம்

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்ற தைரியம் போதை வழக்கில் பாதிதான் செல்லும். சொந்த வண்டிக்கான சேதம் முதலில் போகும். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே நொறுங்கிய ஒரு போர்ஷே காரின் காப்பீட்டு வழக்கில், போதையில் ஓட்டியதால் நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மூச்சுச் சோதனை நடக்காத நிலையிலும் பிற சான்றுகளால் போதையைக் காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. குற்ற வழக்கில் வேண்டிய நிரூபண அளவு காப்பீட்டு வழக்கில் வேண்டியதில்லை.

மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில் நிலைமை இன்னும் கவனிக்கத் தக்கது. 2019 திருத்தத்துக்குப் பின் உள்ள 150ஆவது பிரிவு, காப்பீட்டு நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் 185ஆவது பிரிவில் சொன்னபடி போதையில் ஓட்டியதையும் சேர்த்துவிட்டது. அதற்காகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்ப நீதிமன்றங்கள் விரும்பவில்லை. நிறுவனம் முதலில் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும், பிறகு ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அவை கண்ட வழி. கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒரு போதை விபத்து வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. அப்படி வசூலிக்க நிறுவனம் தனி வழக்குப் போடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே நஞ்சப்பன் வழக்கில் கூறிவிட்டது.

ஆக, அந்த 42,84,000 ரூபாய் சுற்றி வந்து ஓட்டுநரின் தலையில் இறங்கும். நாள் வாடகைக்கு ஆட்டோ கொடுத்தவர் இருந்தால், குடிக்காத அவர் தலையிலும் இறங்கும்.

1920இன் சட்டம்தான் இன்னும் கதி

இந்த நிலையில்தான் ‘ஐ.பி. போடலாம்’ என்ற யோசனை வருகிறது. தனிநபர் திவாலுக்கு இந்தியாவில் இரண்டு பழைய சட்டங்கள் உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகர் திவால் சட்டம். மற்ற பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். இரண்டாவது சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே கடனாளி மனு போடலாம். நூறு ஆண்டுக்கு முந்தைய மதிப்பு மாறாமல் நிற்கிறது.

நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்தால் அவர் சொத்து ரிசீவரிடம் போகும். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் பெறலாம். கடைசியில் ‘விடுவிப்பு’ கிடைத்தால்தான் கடன் தீரும். இவை நல்ல பாதுகாப்புகள். ஆனால் எல்லைகள் உண்டு.

அடமானக் கடன் கொடுத்தவரின் உரிமையை இந்தச் சட்டம் தொடாது. ஆட்டோவின் பேரில் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்டோவை எடுத்துக்கொள்ளலாம். மனு போடுவதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால், 2 ஆண்டுக்குள் நடந்த அத்தகைய தானமாற்றங்களை நீதிமன்றம் ரத்து செய்யலாம். கணக்கை மறைத்தால் சிறை உண்டு. அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும் என்கிறது 44ஆவது பிரிவு.

விபத்து இழப்பீடு? தொகை இன்னும் முடிவாகாத நிலையில், ஒப்பந்தத்திலிருந்து எழாத நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் திவால் வழக்கில் ஏற்கத்தக்க கடனே அல்ல என்கிறது 34ஆவது பிரிவு. அதாவது தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது மனு போட்டால் அந்தக் கோரிக்கை திவாலுக்கு வெளியே உயிரோடு இருக்கும். தொகை முடிவான பிறகு போட்டாலும் 42ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. சொத்தை விற்றால் கடனில் ரூபாய்க்கு 50 காசாவது தேறாவிட்டால் முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்க வேண்டும். தன்மீது பழி சொல்ல முடியாத சூழ்நிலைகளால் அப்படி ஆனது என்று கடனாளி காட்டினால் மட்டுமே விலக்கு. வெள்ளத்தில் கடை மூழ்கியவர் அதைச் சொல்லலாம். குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பியவர் எப்படிச் சொல்ல முடியும்?

எழுதப்பட்டும் நடைமுறைக்கு வராத சட்டம்

2016இல் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் உரியது. ஏழைக் கடனாளிக்கு ‘புதுத் தொடக்கம்’ என்ற ஒரு வழி அதில் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. சொத்து 20,000 ரூபாய்க்கு மேல் கூடாது. தள்ளுபடி கோரும் கடன் 35,000 ரூபாய்க்கு மேல் கூடாது. சொந்த வீடு கூடாது. மாதம் 5,000 ரூபாய்க்குள் பெங்களூரில் வாழும் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் குறுகிய வழியும் திறக்கப்படவில்லை. மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு பிரிவினருக்கு மட்டும் கொண்டுவந்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் சொல்லிவிட்டது. சாதாரணக் கடனாளிக்கு 1920இன் சட்டமே கதி.

பெங்களூரு இந்த வேறுபாட்டைக் கண்முன் பார்த்த நகரம். யு.பி. குழுமத்தின் விஜய் மல்லையா கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தார். 6,203 கோடி ரூபாயையும் வட்டியையும் வசூலிக்கப் பெங்களூரு கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. ஸ்டேட் பாங்க் தலைமையிலான வங்கிகள் லண்டன் வரை சென்று, 2021 ஜூலை 26 அன்று அவரைத் திவாலானவர் என அறிவிக்கும் ஆணையைப் பெற்றன. கோடிகளில் புழங்குபவரின் கடனுக்கு நவீனச் சட்டமும் பல நாட்டு நீதிமன்றங்களும் உள்ளன. சிவாஜிநகரில் ஆட்டோ ஓட்டுபவரின் கடனுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான் உள்ளது.

கர்நாடக அரசு சில தடுப்புகளைப் போட்டிருக்கிறது. மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர்களின் அடாவடிக்கு எதிராக 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த அவசரச் சட்டம், 10 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்தது. இது மிரட்டலிலிருந்து காக்கும். கடனைத் தீர்த்துவைக்கும் முறை ஆகாது.

விலக்கப்பட்ட கடன்

நாளையே 2016 சட்டம் எல்லோருக்கும் நடைமுறைக்கு வந்தாலும் போதை விபத்தின் கடன் அதில் கரையாது. சட்டத்தின் 79ஆவது பிரிவு ‘விலக்கப்பட்ட கடன்’ என்று சிலவற்றைப் பட்டியலிடுகிறது: நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விதித்த அபராதம், அஜாக்கிரதைக்காகவோ சட்டக் கடமையை மீறியதற்காகவோ கொடுக்க வேண்டிய நஷ்டஈடு, ஜீவனாம்சம், கல்விக் கடன். முதல் இரண்டையும் பாருங்கள். 10,000 ரூபாய் அபராதமும் விபத்து இழப்பீடும் அப்படியே அடங்கிவிடுகின்றன. திவால் விடுவிப்பு இந்தக் கடன்களிலிருந்து விடுவிக்காது என்று 139ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் விதி அல்ல. வீடு வாங்கியவர்களின் புகாரில் நுகர்வோர் ஆணையம் விதித்த தண்டத்தொகையை, திவால் மனுவால் வந்த இடைக்காலத் தடையைக் காட்டி நிறுத்திவைக்கக் கேட்டார் ஒரு கட்டுமானத் தொழிலதிபர். 2025 மார்ச் 4 அன்று சாரங்கா அனில்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அத்தகைய தொகை விலக்கப்பட்ட கடன். திவால் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்துத் தண்டனையிலிருந்து தப்ப முடியாது என்பது அதன் சாரம்.

மற்ற நாடுகளும் இதே முடிவுக்கே வந்துள்ளன. அமெரிக்கத் திவால் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, போதையில் வண்டி ஓட்டியதால் எழுந்த கடன் திவாலால் தீராது என்று தனியாகவே எழுதினார்கள். இன்றைய வாசகம் மரணத்துக்கும் உடல் காயத்துக்குமான கடனைச் சொல்கிறது. 2005இல் படகும் விமானமும் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் அபராதம் தீராது. உடல் காயத்துக்கான நஷ்டஈடும் நீதிமன்றம் விரும்பி விடுவித்தாலன்றித் தீராது.

இதற்குப் பின்னால் ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தில், விபத்து ஏற்படுத்தியவர் திவாலானால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணம்கூட அவருடைய பொதுச் சொத்தில் சேர்ந்து எல்லாக் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு போடப்பட்டது. கை கால் இழந்தவருக்குச் சில்லறையே கிடைத்தது. 1930இல் தனிச் சட்டம் போட்டு, அந்தப் பணம் நேராகப் பாதிக்கப்பட்டவருக்கே போக வேண்டும் என்றார்கள். இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 97ஆவது பிரிவாக அது வந்தது. இன்று 151ஆவது பிரிவாக நிற்கிறது. திவாலும் விபத்தும் மோதும் இடத்தில் சட்டம் அடிபட்டவர் பக்கம் நிற்பது இப்படித்தான் உருவானது. அதில் மாற்றம் வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரின் உரிமையைத் தொடாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலாவது, குடிபோதை வழக்கில் முதல் நாளே சட்ட உதவி. அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்குகிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் பெங்களூரு சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இயங்குகிறது. 15100 என்ற எண்ணில் நாடெங்கும் உதவி கேட்கலாம். போக்குவரத்து நீதிமன்றங்களில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி தெரிந்த சட்ட உதவி வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருந்தால், பாதிப் பேர் தாங்கள் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது, திவால் சட்டத்தின் மூன்றாம் பாகத்தைச் சாதாரண மக்களுக்கும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். 60,000, 20,000, 35,000 என்ற வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். லைசென்ஸ் போனதால் தவணை கட்ட முடியாமல் போனவர், மருத்துவச் செலவில் மூழ்கியவர், ஜாமீன் போட்டு மாட்டியவர் போன்ற நேர்மையான கடனாளிகளுக்கு மீண்டும் எழ ஒரு வழி வேண்டும். கொடுக்க வழியில்லாத ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். அந்தத் தீர்ப்பின் மனசாட்சியோடு ஒரு திவால் முறை எழ வேண்டும்.

மூன்றாவது ஓட்டுநருக்கும் வண்டி உரிமையாளருக்கும். காப்பீடு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஊதச் சொன்னால் மறுக்காதீர்கள். அச்சிட்ட சீட்டின் நகலைக் கேளுங்கள். அளவு எல்லையை ஒட்டி வந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நீதிமன்றத்தில் வாய் திறப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். கடன் மிஞ்சினால் சொத்தை மறைக்காமல் முறையாக ஆலோசனை பெறுங்கள்.

இவை எல்லாம் வழக்கோடும் தவணையோடும் நிற்கும் சிக்கல்களுக்கு. போதையில் ஓட்டிய வண்டி ஓர் உயிரைப் பறித்துவிட்டால், எந்தத் திறமையான வழக்கறிஞரும் எந்த மஞ்சள் நோட்டீஸும் அந்த இழப்பீட்டைச் சுலபமாகத் துடைத்துவிட முடியாது. 1920இன் சட்டம் தயங்குகிறது; 2016இன் சட்டம் மறுக்கிறது. குடித்த இரவில் வண்டியை விட்டுவிட்டு வேறு வாகனத்தில் வீடு போய்ச் சேருங்கள்.